போர்த்தா அங்கிள்

அந்த மனிதர் எவரிடமும் "ஏலாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக் கேற்றில் காவல் நிற்கிற ஒருவருக்கு அந்தச் சொல் இல்லாமல் எப்படிப் பிழைப்பு ஓடும்? ஓடியது. நோயாளிகளைப் பார்க்க விடுவது மதியம் கொஞ்ச நேரம், பின்னேரம் கொஞ்ச நேரம். மற்ற வேளைகளில் வந்து கம்பியைப் பிடித்து உலுப்புகிறவர்களிடம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"உங்கட ஊரில இதுக்கு என்னெண்டு சொல்லுற?"

'இது' என்று விரலால் தட்டிக் காட்டுவது கேற்றை.

என்னிடம் அவர் அதைக் கேட்டபோது நான் ஒரு மனிதனாகவே இருக்கவில்லை. என் மனைவிக்கு டெங்கு. அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று, தள்ளுவண்டியோடு வந்த ஊழியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னைத்தான் அதில் உட்காரச் சொன்னார். நானும் உட்கார்ந்துவிட்டேன். "இஞ்சருங்க, எழும்புங்க, காய்ச்சல் எனக்கு" என்று அவள் சொன்ன பிறகுதான் எழும்பினேன். மறுநாள் காலை போனில் ஒரு துவாயும் சீப்பும் கேட்டாள். கடைசியாக, "ரத்தத்தில என்னவோ குறைஞ்சு போச்சாம், பயப்பிட ஒண்டுமில்லையாம்" என்றாள். பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் தொடங்கும். என் போட்டோக் கொப்பிக் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, கையில் அகப்பட்டதைப் பையில் அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"கேற்," என்றேன் மூச்சு வாங்க. "திறங்க அங்கிள்."

"அது இங்கிலீசு தம்பி. வீட்டில என்னெண்டு சொல்லுற?"

"கடப்பு. அங்கிள், என்ர மனிசிக்கு..."

"கடப்பு!" யாரோ அவருக்கு இனிப்புக் கொடுத்ததுபோல் முகம் விரிந்தது. "எந்த ஊர்?"

"ஆரையம்பதி."

"ஆரையம்பதியில கடப்பு. யாழ்ப்பாணத்துக்குப் போனா படலை. எங்கட வீட்டில போர்த்தா. இத்தாலிக்காரிட்டக் கேட்டா அவளும் போர்த்தா எண்டுவாள். எப்பிடி? இரி, தண்ணி குடி, சொல்லுறன்."

அவர் கதையில் பின்லாந்து வரைக்கும் போய்த் திரும்பியபோது நான் கேற்றோரத்து வேப்பமரத்தின் கீழ் உட்கார்ந்திருந்தேன். மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. இதற்கிடையில் என் பையைத் திறந்து பார்த்து, உள்ளே போகிற ஒரு ஊழியரிடம் துவாயைக் கொடுத்து அனுப்பியிருந்தார். சீப்பு பையில் இல்லை. ரீவி ரிமோட் இருந்தது. அதை என்னிடமே திருப்பித் தந்தார். அதைப்பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை நான் இன்றும் மறக்கவில்லை.

அவர் பறங்கியர். மட்டக்களப்பில் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்; வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். போர்த்துக்கேயர் கோட்டையைக் கட்டிவிட்டுப் போனபோது விட்டுப்போன பாஷையை இன்னமும் வீட்டுக்குள் பேசுகிற சனம். வெளியே வந்தால் எங்களைவிட வடிவாகத் தமிழ் கதைப்பார்கள். இவர் கல்யாணம் கட்டவில்லை. விதவையான அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தார். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பாஷை ஓடிக்கொண்டிருந்தது.

மெலிந்து உயர்ந்த மனிதர். பாதுகாப்புக் கொம்பனி கொடுத்த நீலச் சட்டைக்குள் இன்னொருவரும் தாராளமாக இருக்கலாம். கதிரை கொடுத்திருந்தார்கள், இருக்க மாட்டார். வந்த நோயாளியை இருத்துவார். இடுப்பில் கேற்றுப் பூட்டின் திறப்பு தொங்கும். தொப்பியை மட்டும் மகா கவனமாக, புருவத்துக்கு நேர்கோடாக வைத்திருப்பார்.

சுனாமிக்குப் பிறகு வெள்ளைக்காரர் கூட்டம் கூட்டமாக வந்து வாடகைக்கு எடுத்த வீடுகளுக்கெல்லாம் கேற்றில் நிற்க ஆள் தேவைப்பட்டது. அப்போது தொடங்கிய வேலை. முதல் வீட்டில் ஒரு இத்தாலிக்காரி. அவளுடைய வாகனம் வந்து ஹோர்ன் அடிக்க, கேற் கொளுவி இறுகிப்போய்க் கழலவில்லை. இவர் கோபத்தில் தன் பாட்டுக்கு வீட்டுப் பாஷையில் அந்தப் போர்த்தாவைத் திட்டியிருக்கிறார். அவள் இறங்கி வந்து, "இப்ப என்ன சொன்ன?" என்று கேட்டாளாம்.

"வேலை போச்சு எண்டு நினைச்சன் தம்பி. பாத்தா அவள் சிரிக்கிறாள். அவள்ற ஊரிலயும் அது தானாம். எங்கட அம்மாட குசினிச் சொல். அதை எங்கட வீட்டுச் சுவரத் தாண்டி ஒருத்தரும் கதைக்கிறல்ல எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தன். அது எப்பிடி அவள்ற வாயில?"

அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். அதற்குப் பிறகு எந்த நாட்டுக்காரன் கேற்றுக்கு வந்தாலும், திறக்க முதல் கேள்வி. பிரான்ஸ்காரன் போர்ட் என்றான். ஸ்பானியாக்காரி கொஞ்சம் வளைத்து புவெர்த்தா என்றாள். ருமேனியாவிலிருந்து கிணறு தோண்ட வந்தவன் போவார்த்தா என்றான், சொல்லிவிட்டு உதைபந்துக் கோலுக்கும் தங்களுக்கு அதே சொல்தான் என்றான். கோல் காக்கிறவனுக்குப் பெயர் வாசல்காரன். ("அப்ப நானும் கோல் கீப்பர் தான் தம்பி. பாஞ்சு பாஞ்சு பிடிக்கிறன்.") வேல்ஸ் நாட்டு நேர்ஸ் ஒருத்தி போர்த் என்றாள். யுத்த நிறுத்தம் பார்க்க வந்து தங்கிவிட்ட நோர்வேக்காரனும் ஏறக்குறைய அதையே சொன்னான். பின்லாந்துக்காரன் போர்ட்டி.

கடைசியில் ஒரு வயதான பாதிரியார்தான் முடிச்சை அவிழ்த்தாராம். எல்லாம் உரோமைக்காரரின் லத்தீன் சொல். அவர்களுடைய படை போன இடமெல்லாம் கல்லுக் கோட்டை கட்டியது. வடக்கே இருந்த சனத்திடம் வேலி இருந்தது, கல்லில் கட்டிய வாசல் இருக்கவில்லை. சாமானை வாங்கும்போது பெயரையும் சேர்த்து வாங்கினார்கள். ஜெர்மன்காரனிடமிருந்து சுவீடன்காரன், சுவீடன்காரனிடமிருந்து பின்லாந்துக்காரன்.

"அரிசி கைமாத்துக் குடுக்கிற மாதிரி வேலிக்கு மேலால குடுத்திருக்கிறாங்க. எங்களுக்கு மட்டும் தான் கப்பலில வந்து இறங்கினது," என்பார், ஏதோ தனக்கென்று தனிப்பொதி வந்ததுபோல.

வரிசையில் நிற்கிறவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். மகளைப் பார்க்க வருகிற ஒரு கமக்காரர், ஊர் சித்தாண்டி, அதனால் எல்லோருக்கும் சித்தாண்டியார். அவரிடம் அங்கிள் பாதிரியாரின் இன்னொரு கதையை எடுத்துவிட்டார்: உரோமைக்காரர் பட்டணம் கட்ட முதல் கலப்பை பூட்டிச் சுற்றிவர உழுவார்களாம். வாசல் வர வேண்டிய இடத்தில் மட்டும் கலப்பையைத் தூக்கிக் கையில் சுமந்துபோய் அங்கால் வைப்பார்களாம். சுமக்கிறதுக்கும் அவர்களுடைய பாஷையில் அதே மாதிரி ஒரு சொல். அதிலிருந்துதான் இது வந்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்களாம்.

"இதில என்ன புதினம்?" என்றார் சித்தாண்டியார். "எங்கட வயல் வட்டையிலயும் வரம்பு முழுக்கக் கட்டிப்போட்டுத் தண்ணி போக வக்கடை விடுறம் தானே. உங்கட ஆக்கள் சனம் போக விட்டிருக்காங்க."

"பாதர் அந்தக் கதைய நம்பல்ல. உண்மையான வேர் வேறயாம். 'கடந்து போறது' எண்டுறது தானாம் அடி." அவர் என் பக்கம் திரும்பினார். "உங்கட கடப்பும் அது தானே? கடக்கிறது, கடப்பு. ஒருத்தர ஒருத்தர் கண்ணால காணாத ரெண்டு சனம். ஒருத்தனும் 'சுவரில ஓட்டை' எண்டு பேர் வைக்கல்ல பாத்தியா? கடக்கிற இடம் எண்டு தான் வச்சிருக்கிறாங்க."

"கடக்க விட்டாத்தானே அங்கிள்," என்றேன். வரிசை சிரித்தது. அவரும் சிரித்தார். திறக்கவில்லை.

ஓட்டமாவடியிலிருந்து வரும் ஒருவர், கட்டாரில் வேலை செய்து திரும்பியவர், இடையில் ஒரு கல்லை எறிந்தார். "அரபியில 'பாப்' ஐயா. உங்கட போர்த்தா அந்தப் பக்கம் வரல்ல."

அங்கிள் உண்மையிலேயே கொஞ்சம் வாடிப்போனார். "ஓம். அங்க அவங்கட்ட முந்தியே வாசல் இருந்திருக்கு," என்றார்.

எனக்கு இந்தக் கதைகள் மருந்துபோல் ஆகிவிட்டன. ஒவ்வொரு நாளும் காலையில் மனைவி போனில் ஏதாவது ஒரு இலக்கத்தைச் சொல்வாள். அது நேற்றையதைவிடக் கூடினால் நல்லதா குறைந்தால் நல்லதா என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஓடுவேன். கேற்றில் நிறுத்தப்படுவேன். ஆண்பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் சொந்தக் கடப்பே கிடையாது என்பது தெரிந்ததுதானே: பிறந்தால் தாயின் கடப்பு, கட்டினால் மனைவியின் கடப்பு, கிழண்டினால் மகளின் கடப்பு. எனக்கு அந்த நாட்களில் இந்த ஆஸ்பத்திரிக் கேற்றுத்தான் மிச்சம்.

ஒரு பின்னேரம் மனைவி கொஞ்சம் தெளிந்து, கட்டிலில் சாய்ந்து இருந்தாள். பக்கத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டினாள். நெஞ்சில் சளி கட்டிப்போய்ச் சேர்த்திருந்த ஒரு மூதாட்டி, மெலிந்து உயர்ந்தவர்.

"இந்த அம்மாவப் பாக்க ஒரு காகமும் வரல்ல. தம்பி வருவான், தம்பி வருவான் எண்டு அந்தக் கதவையே பாத்துக்கொண்டு கிடக்கிறா."

"தம்பி எங்கயாம்?"

"கேற்றிலயாம்."

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. கேற்றுக்கும் அந்தக் கட்டிலுக்கும் இடையில் ஒரு முற்றம், ஒரு விறாந்தை. அவ்வளவுதான்.

வெளியே வந்து கேட்டேன். "அங்கிள், அக்கா உள்ளுக்க தானே? போய்ப் பாக்கல்லியா?"

"எப்ப போற தம்பி? சனம் போற நேரம் நான் கேற்றில நிக்கோணும். நான் சும்மா நிக்கிற நேரம் கேற் பூட்டு."

"திறப்பு உங்கட இடுப்பில தானே கிடக்கு!"

குனிந்து இடுப்பைப் பார்த்தார், அப்போதுதான் அதைக் கண்டவர் மாதிரி. "இது சனத்துக்குத் திறக்கிற திறப்பு. எனக்கு நான் திறந்தனெண்டா மறுகா உன்ன எந்த மூஞ்சியோட நிப்பாட்டுற?"

"ஒரு நாள் லீவு எடுங்க."

"கொம்பனி வேலை. நான் லீவு எண்டா வேற ஆள் வருவான். வந்த ஆள் திரும்பிப் போகமாட்டான்." கேற்றின் கம்பியை உள்ளங்கையால் துடைத்தார். "சுகமாகி அவவே இதால வெளிய வருவா தானே. அப்ப நான் தானே திறக்கிற."

அன்றிலிருந்து நான் தூதன் ஆனேன். அவர் போத்தலில் சூப் கொண்டுவந்து தருவார். கூடவே அவர்களுடைய பாஷையில் ஒரு வசனம் சொல்லித் தருவார், அக்காவிடம் ஒப்புவிக்க. முற்றத்தில் பாடமாக்கிக்கொண்டு போவேன். விறாந்தையில் ஊசி போடும் அறையைத் தாண்டும்போது பயத்தில் வசனம் பறந்துவிடும். "தம்பி சூப் தந்தவர் அம்மா" என்று தமிழில் சொல்லிவிட்டு நிற்பேன்.

"உப்புப் போட்டிருக்க மாட்டான்," என்பார் அந்த அம்மா. குடித்துப் பார்த்துவிட்டு, "போடல்ல" என்பார். மிகவும் சந்தோஷமாக.

அது முதல் சில நாள். பிறகு பாதிதான் குடித்தார். பிறகு கண்ணைத் திறக்கிற நேரம் குறைந்தது. என் மனைவியை யாரோ மச்சாள் என்று நினைத்துக் கதைத்தார். பெரிய டொக்டர் கட்டிலடியில் நின்று, சொந்தக்காரர் யாராவது இருந்தால் வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று தாழ்ந்த குரலில் நேர்ஸிடம் சொன்னதை மனைவி கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

அதை அங்கிளிடம் சொல்லவேண்டிய வேலை எனக்கு வந்தது. எனக்கு! நல்ல செய்தியைச் சொல்லும்போதே நாக்குழறுகிறவன்.

"அங்கிள், அக்காவுக்கு நல்லா ஏலாமக் கிடக்கு. டொக்டர் வந்து பாக்கச் சொல்லுறார்."

அவர் தொப்பியைச் சரிசெய்தார். ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது.

"தம்பி, ஹங்கேரிக்காரர் இதுக்கு என்னெண்டு சொல்லுற தெரியுமா?"

"அங்கிள்..."

"போர்த்தா தான். ஆனா இப்ப அவங்களுக்கு அது வாசலில ஆள் இருந்து பேர் கேக்கிற மேசை. சொல் அது தான், பொருள் நகந்து போச்சு. எப்பிடிப் போச்செண்டா..."

சொல்லிக்கொண்டே போனார். நிறுத்த எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு நாளும் எனக்கு முன்னால் சாத்திய அந்தக் கதையை அவர் இப்போது தனக்கு முன்னால் சாத்திக்கொண்டு நின்றார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் என் மனைவிக்குத் துண்டு வெட்டினார்கள். வீட்டுக்குப் போகலாம். ஆட்டோ வந்து நின்றது. அவள் பையையும் வைத்துக்கொண்டு வேப்பமரத்தின் கீழ் இருந்துவிட்டாள். பின்னேரப் பார்வைக்கு வரிசை சேர்ந்துகொண்டிருந்தது.

"அங்கிள், நீங்க உள்ள போனாத்தான் நான் ஆட்டோவில ஏறுவன்."

அவர் சிரித்தார். "மகள், உங்கட ஊரில இதுக்கு..."

"கடப்பு. தெரியும். போர்த்தா. அதுவும் தெரியும். பின்லாந்து வரைக்கும் இந்த மனிசன் எனக்கு ஓதிப்போட்டார், ஊசியவிட அது தான் நொந்தது. உங்கட அக்கா போற வழியில கிடக்கிறா. நீங்க போங்க."

"கேற்ற ஆர் பாக்கிற?"

"இவர் பாப்பார்."

அவருடைய முகத்தில் நான் முதன்முதலாகப் பயத்தைக் கண்டது அப்போதுதான். என்னை மேலும் கீழும் பார்த்தார். வரிசையிலிருந்து சித்தாண்டியார், "போங்க ஐயா, நாங்க ஆரும் காட்டிக் குடுக்க மாட்டம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அங்கிள் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். திறப்பை என் கையில் தந்தார். பிறகு செய்ததில்தான் அவர் யாரென்று தெரிந்தது. நேரே உள்ளே போகவில்லை. சூப் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு, வரிசையின் கடைசிக்கு நடந்துபோய் நின்றார். முன்னுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கேட்கவில்லை.

மணி அடித்தது. திறந்தேன். ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாக அவர் என் முன்னால் வந்து நின்றார், நான் விடுவேனோ மாட்டேனோ என்பதுபோல. "போங்க அங்கிள்" என்றேன். கேற் உருளுகிற இரும்புத் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்து, காலைத் தூக்கி வைத்து, கடந்து போனார்.

அடுத்து நடந்ததை ஆஸ்பத்திரி மறந்திருக்கும் என்று நம்புகிறேன். நேரம் முடிந்து மணி அடித்தது. நான் கேற்றை வீரமாக இழுத்துச் சாத்தினேன். சாப்பாட்டுப் பொதியோடு ஒரு இளைஞன் ஓடி வந்தான்.

"உங்கட ஊரில இதுக்கு என்னெண்டு சொல்லுற?" என்றேன்.

"அண்ணன், விசரா உங்களுக்கு? என்ர அம்மா உள்ளுக்க பசியோட கிடக்கிறா."

திறந்துவிட்டேன். அதைக் கண்டு கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். அவளுக்கு முன்னால் இத்தாலிகூட என் ஞாபகத்துக்கு வரவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு வான் நிறைய ஆட்கள். திறப்பு கைதவறிக் கீழே விழுந்தது. அதைக் குனிந்து தேடும்போதே ஒரு கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. மரத்தடியிலிருந்து மனைவி கத்தினாள்: "கேற்றில நிக்கச் சொன்னா கல்யாண வீட்டு வாசலில நிக்கிற மாதிரி நிக்கிறீங்க! பன்னீர் தெளிக்கிறது ஒண்டு தான் குறை!" உள்ளேயிருந்து ஒரு நேர்ஸ் வந்து ஆர் இதெல்லாம் விட்டது என்று சத்தம் போட்டார். நானும் அவரோடு சேர்ந்து, ஆர் விட்டது என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

ஒரு வழியாக எல்லோரும் வெளியேறிய பிறகு அங்கிள் வந்தார். விறாந்தையைத் தாண்டி முற்றத்தில் நடந்து வருவது தெரிந்தது. போத்தல் திறக்கப்படவே இல்லை. கேற்றைக் கடந்து வந்து, என் தலையிலிருந்து தொப்பியை எடுத்து அணிந்துகொண்டார். யாரை விட்டேன், எத்தனை பேரை விட்டேன் என்று கேட்கவில்லை. சாத்தினார். பூட்டினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார்.

"கதைச்சாவா அங்கிள்?" என்று மனைவிதான் கேட்டாள்.

"கதைச்சா மகள். 'நீங்க ஆரு?' எண்டு கேட்டா."

மனைவி எழும்பிக் கேற்றடிக்கு வந்தாள்.

"எங்கட பாஷையில கேக்கல்ல. பிறந்த நாளில இருந்து என்னோட ஒரு சொல் தமிழில கதைச்சதில்ல அவ. இண்டைக்குத் தமிழில கேட்டா. வெளி ஆளோட கதைக்கிற மாதிரி, மரியாதையா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்கட பாஷையில தான் சொன்னன், நான் தான் எண்டு. விளங்கல்ல. திரும்பவும் கேட்டா. பாவம், பயந்திட்டா. அது தான், கேற்றில நிக்கிற ஆள் எண்டு சொன்னன்."

ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்.

"உடன கையப் பிடிச்சிட்டா தம்பி. 'ஐயா, என்ர தம்பி வருவான், அவன உள்ள விடுங்க' எண்டு கேட்டா." அவர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "விடுறன் அம்மா எண்டு சொல்லிப்போட்டு வந்தன்."